கிளையைத் தின்னும் மெஷின் நமக்கு எதற்கு?



போன மாதம் எங்கள் தோட்டத்து ஆபீசுக்குத் தலைவரையும் மாதர் தலைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். மேசை மீது வழுவழுப்பான ஒரு கட்லொக். அதில் மஞ்சள் நிறத்தில் ஓர் இயந்திரம். ஒரு பக்கத்தால் மரக்கிளை நுழைகிறது, மறுபக்கத்தால் சீவல் சீவலாகக் கொட்டுகிறது. இதன் பெயர் சிப்பர் என்றார் துரை. மலையில் வீணாகக் கிடக்கிற கிளைகளெல்லாம் இனி ஸ்டோருக்கு எரிபொருள், சங்கம் ஒத்துழைக்க வேண்டும் என்றார்.

வீணாகக் கிடக்கிறது என்றாரே, அந்த வார்த்தையில்தான் எனக்குச் சண்டை.

டர்பன்டைன் மலையை வெட்டினால் அடிமரம் பலகைக்கு லொறி ஏறுகிறது. அடுத்த துண்டுகள் ஸ்டோருக்குப் போகின்றன. மிஞ்சுகிற கிளையையும் சுள்ளியையும் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு நம் பெண்கள் கட்டித் தலையில் தூக்கி வருகிறார்கள். கவ்வாத்து நடக்கிற காலத்தில் மிலாறு கிடைக்கும். அது முடிந்தால் சவுக்குக் கிளையும் டர்பன்டைன் சுள்ளியும்தான் லயத்து அடுப்புக்குக் கதி. எனது வகுப்பில் பிந்தி வருகிற பிள்ளையிடம் காரணம் கேட்டால், "விறகுக்குப் போனேன் சேர்" என்பதுதான் பாதி நாள் பதில். இதை யாரும் வீண் என்று சொல்ல முடியுமா?

2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அன்றைக்கு நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து பேர் போட வேண்டும். அந்த விலைக்கும் கிடைக்காமல் டவுன் சனங்கள் வரிசையில் நின்றபோது, லயத்து அடுப்பு அணையாமல் எரிந்ததற்குக் காரணம் இந்த 'வீண்' கிளைதான். விறகடுப்புப் புகை நல்லது என்று நான் சொல்லவில்லை. நம் அம்மாமார் இருமுகிற இருமலைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் வேறு அடுப்பு கொடுக்காமல் இருக்கிற அடுப்பின் விறகைப் பிடுங்குவது என்ன நியாயம்?

சரி, கம்பனிக்காவது இந்த மெஷினால் இலாபம் உண்டா என்று பார்ப்போம்.

ஒரு கிலோ தேயிலைத் தூள் செய்ய, கொழுந்தை வாட்டுவதற்கும் தூளைக் காய வைப்பதற்குமாக ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. நாளைக்கு ஆயிரம் கிலோ தூள் இறக்குகிற ஸ்டோர், நாளைக்கு இரண்டு தொன் வரை விறகைத் தின்னும். இப்போது வெட்டின பச்சை மரத்தில் நிறையில் பாதி தண்ணீர். அதாவது அந்த இரண்டு தொன்னில் ஒரு தொன் தண்ணீர். அந்தத் தண்ணீரை நாம் முதுகு ஒடியச் சுமந்து வருகிறோம், லொறி டீசல் எரித்துக் கொண்டு வருகிறது, கடைசியில் ஹீட்டர் அதைக் கொதிக்க வைத்துப் புகைக்கூண்டு வழியாக அனுப்புகிறது. இதுதான் வீண். இதை நிறுத்த மஞ்சள் மெஷின் தேவையில்லை, கூரை தேவை. பிளந்த விறகைக் காற்றோட்டமாகக் கூரைக்குள் சில மாதம் அடுக்கி வைத்தால் அந்தப் பாதி கால்வாசியாக இறங்கும். எங்கள் ஸ்டோர் முற்றத்தில் விறகு மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. விறகுக் கொட்டகைக்குத் தகரம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

பச்சைக் கிளையைச் சீவினால் இது இன்னும் மோசமாகும். ஈரச் சீவலைக் குவித்து வைத்தால் குவியல் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், கிளறினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். அதற்கு மேல் நமது பழைய ஹீட்டர்களின் கம்பித் தட்டு பிளந்த கட்டைக்காகப் போட்டது. சீவலை அள்ளிக் கொட்டினால் இடுக்கால் சாம்பல் குழிக்குள் விழும், இல்லாவிட்டால் காற்றை அடைத்துக்கொண்டு புகையும். சீவல் எரிக்க வேண்டுமென்றால் அதைத் தானாக ஊட்டுகிற பொறியும் அதற்கேற்ற அடுப்பும் வேண்டும். அப்படி அடுப்பை மாற்றிக்கொண்ட ஸ்டோர்களுக்குச் சீவல் சரிவரும், மறுக்கவில்லை. நம்முடைய கட்லொக்கில் அடுப்புக்கு எவ்வளவு என்ற பேச்சே இல்லை. மாதர் தலைவிதான் அதைக் கேட்டார். துரை கட்லொக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்னொரு விசயம். சிப்பரை டிரக்டரில் கட்டி இழுக்க வேண்டும். நமது விறகு மலைகள் எங்கே இருக்கின்றன? தேயிலை போட முடியாத செங்குத்தில், ஓடைக்கு மேலே. டிரக்டர் அங்கே ஏறாது. மெஷின் ரோட்டில் சொகுசாக நிற்கும். அதன் வாய்க்குக் கிளையை இழுத்து வந்து ஊட்டுவது யார்? தன் அடுப்புக்குத் தூக்கிய அதே கிளையை, அதே பெண், இனிக் கம்பனிக்குத் தூக்குவாள். அதற்கு எத்தனை கிலோ இழுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேரா என்று அடுத்த கணக்கு வரும்.

பாதுகாப்பையும் பாருங்கள். சிப்பரின் உருளைகள் கிளையைப் பிடித்தால் ஒரு விநாடியில் ஓர் அடிக்கு மேல் உள்ளே இழுக்கும். கிளையின் கவட்டில் சட்டைக் கையோ படங்கோ மாட்டினால் விடுவிக்க நேரமில்லை. நல்ல மெஷினில் வாய்ப்பக்கம் தட்டினால் உருளையை நிறுத்துகிற கம்பி இருக்கும், கை எட்டாத அளவு நீளமான வாய் இருக்கும், டிரக்டரிலிருந்து சுழன்று வருகிற தண்டுக்கு உறை இருக்கும். பாவித்த மெஷினை மலிவாக வாங்கும்போது இவைதான் முதலில் காணாமல் போயிருக்கும். ஸ்டோருக்குள் இருக்கிற ஆபத்தான இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதே கண்டிப்பு மலையில் நிற்கிற மெஷினுக்கும் வேண்டும் என்று நாம் எழுத்தில் கேட்க வேண்டும். விபத்துக்குப் பிறகு நட்டஈட்டுக்கு நடக்கிற நடை எவ்வளவு என்று நடந்தவர்களைக் கேளுங்கள்.

அப்படியானால் மெஷினே வேண்டாமா? எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் சொன்னார். மெஷின் வந்தால் பேர் போகும் தம்பி என்றார். அவருடைய பயம் பொய்யல்ல, ஆனால் நான் உடன்படவில்லை. கோடாலியும் ஆப்பும் கொண்டு முறுக்கேறிய டர்பன்டைன் கட்டையைப் பிளக்கிறவரின் தோளையும் இடுப்பையும் பார்த்தவர் யாரும் அதைக் காப்பாற்ற வேண்டிய பாரம்பரியம் என்று சொல்லமாட்டார்.

நமக்கு வேண்டியது விறகு பிளக்கும் இயந்திரம். எண்ணெய் அழுத்தத்தால் ஆப்பு மெதுவாகத் தள்ளும், கட்டை இரண்டாகும். ஸ்டோர் முற்றத்தில் மின்சார மோட்டரில் ஓடும், மலை ஏறத் தேவையில்லை. கிளையை அது தொடாது. பிளந்த முகத்தால் ஈரம் சீக்கிரம் வெளியேறும், இருக்கிற ஹீட்டரே அதை எரிக்கும். இதிலும் விரல் போகலாம். ஆகவே இரண்டு கையாலும் இரண்டு பிடியை அழுத்தினால் மட்டும் ஆப்பு நகர்கிற மெஷினாக இருக்க வேண்டும். ஒரு பிடியைக் கம்பியால் கட்டிவிட்டு வேலை வாங்குகிற கெட்டித்தனத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒருவர் கட்டை பிடிக்க இன்னொருவர் பிடியை அழுத்துவதும் கூடாது.

பெரியவரின் பயத்துக்கு ஒரே பதில், அந்த மெஷினில் நிற்பவர் செக்ரோலில் இருக்கிற நம் ஆளாக இருக்க வேண்டும். மரம் வெட்டும் வேலை ஏற்கெனவே கொந்தராத்துக்காரன் கைக்குப் போய்விட்டது. அவன் கூட்டி வருகிற பையன்களுக்கு ஈ.பீ.எப். இல்லை, தலைக்கவசம் இல்லை, செயின் வாள் வெட்டாத கால்சட்டை இல்லை. சிலர் நான் படிப்பித்த பையன்கள். சிப்பரும் அந்த வழியால்தான் தோட்டத்துக்குள் வரப் பார்க்கிறது.

நாம் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: முதலில் விறகுக் கொட்டகைக்குத் தகரம், அடுத்தது பிளக்கும் இயந்திரம். வாங்குமுன் அதை நமது ஸ்டோர் முற்றத்தில், நமது கட்டையைப் போட்டு, நம் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். மணிக்கட்டை விட மெல்லிய கிளை முழுதும் லயத்துக்கு என்று எழுத்தில் வேண்டும்.

தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதர் தலைவி, மூன்று டிவிசன் பெண்களும் வாசிக்கும் வரை தான் போடுவதில்லை என்று நிற்கிறார். அவர் சொல்வது சரி. கடிதமும் அந்த மஞ்சள் கட்லொக்கும் அவர் வீட்டில் இருக்கின்றன. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற வழியில் பார்த்துவிட்டுப் போங்கள்.