வருடியின் சாவி யார் கையில்?

புதுச்சேரியின் கடற்காற்று காகிதத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் பொறுக்கிச் சேர்த்த பழைய சிற்றிதழ்கள் என் அலமாரியில் ஆண்டுக்கு ஆண்டு பழுப்பேறி, மடிப்புகளில் உடைந்து வருகின்றன. ‘எழுத்து’, ‘கசடதபற’ போன்றவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஆள் உண்டு. நான்கு இதழ்களோடு நின்றுபோன பத்திரிகைகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இவற்றை வருடிக் கோப்புகளாகச் சேமிக்கலாம் என்றுதான் அச்சிடவும், நகலெடுக்கவும், வருடவும் கூடிய பல்பயன் அச்சுப்பொறி ஒன்றை வாங்கினேன்.

சில ஆண்டுகள் அது நன்றாகவே உழைத்தது. பிறகு கணினி மாறியது. இயங்குதளத்தின் பதிப்பும் மாறியது. புதிய பதிப்புக்கான இயக்கி மென்பொருளைத் தயாரிப்பாளர் வெளியிடவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை, விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்கு அப்படியொரு கருவி இருப்பதே தெரியவில்லை. விசாரித்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பழுதாகாத ஒரு பொருள் குப்பையாவதை அன்றுதான் கண்கூடாகப் பார்த்தேன்.

நண்பர் ஒருவர் பழைய கணினியொன்றில் டெபியன் லினக்ஸை நிறுவி அதே கருவியை இணைத்துக் காட்டினார். அச்சிடும் வேலையைக் கப்ஸ் என்ற மென்பொருள் ஏற்றுக்கொண்டது. வருடும் வேலையை சேன் என்ற இன்னொன்று. மை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் வசதி மட்டும் வரவில்லை. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பக்கங்கள் திரையில் வந்தன.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கக் கதையிலும் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் சிக்கினால் பயனர்களுக்குத் தகவல் அனுப்பும்படி, பழைய பொறியின் மென்பொருளை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அதைச் செய்ய மூலநிரல் கேட்டபோது, ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பைத் தன்னை மாற்றிய நிகழ்வுகளில் ஒன்றாக அவர் பின்னாளில் சொல்லி வந்தார். 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1908-இல் ஆங்கில அரசின் கெடுபிடியால் ‘இந்தியா’ வார இதழ் சென்னையை விட்டு இங்கே வந்தது. பாரதியும் வந்தார். பிரெஞ்சு மண்ணில் அச்சிடுவதைத் தடுக்க ஆங்கிலேயரால் முடியவில்லை. ஆனால் இதழ் தங்கள் எல்லைக்குள் நுழைவதைத் தடுத்தார்கள்; 1910-இல் ‘இந்தியா’ நின்றது. எந்திரம் நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது, எந்திரத்துக்கும் வாசகனுக்கும் இடையிலுள்ள வழியும் அடைபடாமல் இருக்க வேண்டும். இரண்டு தடைகளின் நோக்கமும் கனமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும், இன்று அந்த வழியில் நிற்கும் சிறிய சுங்கச்சாவடி இயக்கி மென்பொருள்தான்.

லினக்ஸில் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில மாதிரிகளில் அச்சு வரும், வருடி வராது. சிலவற்றுக்கு மூலம் திறக்கப்படாத துணைநிரல் ஒன்றைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும்; அந்த இடத்தில் சாவி மறுபடியும் தயாரிப்பாளரிடமே போய்விடுகிறது. ஆனால் நிலைமை முன்னைப்போல் இல்லை. தனி இயக்கி தேவைப்படாமல் பொது நெறிமுறையில் பேசும் கருவிகள் பெருகிவிட்டன. 2021-இல் வந்த டெபியன் 11 முதல், யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் அத்தகைய கருவிகளும் பெரும்பாலும் இணைத்தவுடன் இயங்குகின்றன. எனவே கடையில் விலையைக் கேட்கும் முன், ஏர்பிரிண்ட் போன்ற பொது முறையை அந்த மாதிரி ஏற்கிறதா என்று கேளுங்கள். சேன் திட்டம் வெளியிடும் கருவிப் பட்டியலில் மாதிரியின் பெயரைத் தேடுங்கள். ‘லினக்ஸில் ஓடும்’ என்ற விற்பனையாளரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

வருடியதோடு வேலை முடிவதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் எடுத்த பக்கத்தை டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரி தமிழிலும் படிக்கிறது. ஆனால் 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், துதிக்கை போட்ட ‘லை’யையும் சுழித்த ‘றா’வையும் கண்டால் தடுமாறுகிறது. மெய்ப்புப் பார்க்க மனிதக் கண் வேண்டும். திறமூலம் என்பதால், பழைய எழுத்துகளை அதற்குப் பயிற்றுவிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த வேலைக்குத் தமிழ் படித்தவர்களும் நிரல் அறிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது. பதிப்புரிமை உள்ளவற்றைப் பொதுவில் வைப்பது தனிக் கேள்வி. ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் என்ற சட்டத்தை மதிக்கத்தான் வேண்டும். அனுமதி கிடைக்கும் நாள்வரை காகிதம் தாங்காது என்பதால், சேமித்து வைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது; புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. பெரிய பொக்கிஷங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் சிற்றிதழுக்கு நாம்தான் நிறுவனம். அதற்கு வேண்டியவை ஒரு பல்பயன் அச்சுப்பொறி, ஒரு பழைய கணினி, கொஞ்சம் பொறுமை. அந்தக் கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அதன் பல்சக்கரங்கள் தீர்மானிக்கட்டும். யாரோ ஒருவருடைய வியாபாரக் கணக்கு தீர்மானிக்க வேண்டாம்.