முஷ்டிக்கு யார் பெயர் வைத்தது?

ஹை ஃபைவ், லோ ஃபைவ், ஃபிஸ்ட் பம்ப், பவுண்ட், டப். நண்பர்கள் கையோடு கை சேர்ப்பதற்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் இத்தனை பெயர்கள். எங்களிட்டை இவை கிரிக்கெட்டாலும் படங்களாலும் வந்து சேர்ந்தவை. நாங்கள் பெயரைக்கூடப் பெரும்பாலும் சொல்லுறதில்லை. 'அடி மச்சான்' எண்டால் கை தானாக மேலே போகும். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இதெல்லாம் வெறும் ஸ்டைல் எண்டு நினைக்கிறதை நாங்கள் ஏற்கமாட்டோம். இந்தக் கதையில் கையை நீட்டினவர்கள் வேறு, அந்தக் கைக்கு அர்த்தம் சொன்னவர்கள் வேறு.

2008 ஜூன் 3 அன்று இரவு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மேடை. ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்தைக் கைக்குள் கொண்டுவந்துவிட்ட பராக் ஒபாமாவும் மிஷெலும் முஷ்டியோடு முஷ்டியை மெல்ல முட்டிக்கொண்டார்கள். புருசன் பெண்சாதிக்கு இடையிலான ஒரு சின்னச் சந்தோசம், அவ்வளவுதான். சில நாட்களில் ஃபொக்ஸ் நியூஸ் அறிவிப்பாளர் ஒருவர், இது ஃபிஸ்ட் பம்பா, பவுண்டா, இல்லாட்டி பயங்கரவாதிகளின் முஷ்டிக் குத்தா எண்டு கேட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் பெயர் ஊரெல்லாம் போய்விட்டது. அந்தச் சொல்லை ஒருத்தர் மேல் ஒட்டுறது எவ்வளவு சுகம், கழட்டுறது எவ்வளவு கஷ்டம் எண்டு எங்கட வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

12 வருசம் கழித்து கொரோனா வந்தது. கை குலுக்காதீர்கள், முஷ்டியை முட்டுங்கள் எண்டு எத்தனையோ பேர் சொன்னார்கள். நாட்டுத் தலைவர்களே கமராவுக்கு முன்னால் முட்டிக் காட்டினார்கள். அப்போது ஒருத்தரும் பயப்படவில்லை.

'டப்'பின் கதை இதைவிடக் கனமானது. 1960களின் கடைசியில், வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட கறுப்பினப் படையினரிடையே அது பரவியது. முஷ்டியை மேலே தட்டி, கீழே தட்டி, பக்கத்தில் முட்டி, கையைக் கோர்த்து, நெஞ்சைத் தொட்டுச் செய்கிற நீண்ட வணக்கம். நான் உனக்கு மேலே இல்லை, நீ எனக்கு மேலே இல்லை, பக்கத்தில் நிக்கிறன் எண்டது அதன் பொருள். அதே படைக்குள்ளேயே இனவெறியைச் சந்தித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. சாப்பாட்டு வரிசையில் நேரம் போகுது எண்டு முறைப்பாடு வந்தது. அதிகாரிகள் சில இடங்களில் தடை செய்தார்கள், தண்டனையும் கொடுத்தார்கள். ரெண்டு பேர் கை கொடுக்கிறதில் என்ன பயம்? தங்களுக்கு விளங்காத ஒன்றை இவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள் எண்ட பயம்தான்.

இனி எல்லாருக்கும் பிடித்த ஹை ஃபைவ். அதற்கு முதலே கறுப்பின மக்களிடையே, குறிப்பாக ஜாஸ் இசைக்காரரிடையே, கையைக் கீழே நீட்டித் தட்டும் பழக்கம் இருந்தது. 'கொஞ்சம் தோல் தா' எண்டு அதைக் கேட்பார்களாம். எங்களுக்கு இந்தப் பெயர்தான் கூடப் பிடிச்சிருக்கு. கை மேலே போனது எப்போது என்பதில் சண்டை உண்டு. லூயிவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியும் உரிமை கோருகிறது. அதிகம் சொல்லப்படுகிற கதை 1977 ஒக்டோபர் 2 அன்று லொஸ் ஏஞ்சலஸில் நடந்தது. டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணியின் டஸ்ரி பேக்கர் அந்தப் பருவத்தின் 30ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடி வந்தார். அடுத்ததாக ஆட நின்ற கிளென் பேர்க் கையை உயர்த்தி நின்றார். என்ன செய்யிறது எண்டு தெரியாமல் பேக்கர் அதில் அடித்தார்.

கிளென் பேர்க் தன்பாலீர்ப்பாளர். கலியாணம் செய்தால் தேனிலவுச் செலவைத் தருகிறோம் எண்டு அணி நிர்வாகம் தன்னிடம் பேசியதாக அவர் பின்னாளில் சொன்னார். 1978இல் அவரை ஓக்லண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சக் காலத்தில் பேஸ்போலே முடிந்துபோனது. பிறகு அவர் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதிக்குப் போனார். அங்கே தன்பாலீர்ப்பாளர்கள் ஹை ஃபைவைத் தங்கள் பெருமையின் அடையாளமாக அடித்துக்கொண்டார்கள்.

சொல்லை சொல்லா எடுங்கோ, ஏன் வரலாற்றை இழுக்கிறியள் எண்டு சிலர் கேட்பினம். நாங்கள் அடிக்க வேண்டாம் எண்டு சொல்லவில்லை. ஹை ஃபைவை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கைக்குரியவரை ஒருத்தரும் எடுக்கவில்லை எண்டுதான் சொல்லுறம். பேர்க் 1995இல், 42 வயதில், எய்ட்ஸால் இறந்தார். டொட்ஜர்ஸ் அணி தன் மைதானத்துக்கு அவருடைய குடும்பத்தைக் கூப்பிட்டு அவரைக் கௌரவித்தது 2022இல்.