பூங்குழலியைப் படகோடு அனுப்பிவிட்டார்கள்

2023 ஏப்ரல் 28. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வெளியான அன்றே கிருமாம்பாக்கத்தில் பேருந்து ஏறிக் கடலூருக்குப் போய்ப் பார்த்தேன். கூட வந்த சித்தப்பா மகன், படம் முடிந்து வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, சேந்தன் அமுதன்தானே கடைசியில ராஜா ஆவான்? பூங்குழலி ராணி ஆவாளே? அதை எங்க காணோம்?"

எனக்கும் அதே கோபம்தான். இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதத் தொடங்கியது. பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த நாவல் பிடிக்கும், தோழர்களே. ஒன்பதாம் வகுப்பில் நூலகத்திலிருந்து எடுத்துவந்து, எங்கள் பேட்டின் தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தேன். மூன்றாம் பாகத்தை யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. ஆகவே நான்கைப் படித்துவிட்டுத்தான் மூன்றைப் படித்தேன். வந்தியத்தேவன் வீராணத்துக்குப் போகும் வழியில் பாகூர் ஏரிக்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருப்பான் என்று நானாகவே ஒரு காட்சியைச் சேர்த்துக்கொண்டேன். அதே ஏரிப் பாசனத்தில்தான் என் அம்மா நடவுக்குப் போவார். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்துக்கு அதில் ஒரு குழி நிலம் கிடையாது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. குதிரை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

படத்துக்கு வருகிறேன். கார்த்தியின் வந்தியத்தேவன் நான் படித்த வந்தியத்தேவனேதான். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் சிறுவயது நந்தினியும் ஆதித்த கரிகாலனும் வருகிற பகுதி, மணிரத்னம் எடுத்ததிலேயே நல்ல பகுதிகளில் ஒன்று. பிறப்பு தெரியாத ஒரு பெண்ணை அரண்மனை எப்படி விரட்டும் என்பதை நாவலைவிடப் படம் நேராகக் காட்டிவிடுகிறது. அந்த இடத்தில் திரையரங்கில் யாரும் விசிலடிக்கவில்லை.

ஆனால் சேந்தன் அமுதன்? நாவலில் அவன் பூக்கட்டி விற்கிறவன். பூங்குழலி கோடிக்கரையில் படகு ஓட்டுகிறவள். ஐந்து பாகம் கழித்து இந்த இருவரும் சோழ அரியணையில் உட்காருகிறார்கள். படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது. சேந்தன் அமுதன் ஓரத்தில் வந்துபோகிறான். பூங்குழலியைப் படகோடு அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு பெரிய கதையில் உழைக்கிற கை அரியணையைத் தொடும் ஒரே இடம் அது. நேரமில்லை என்று அதையா வெட்டுவது?

இப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஐந்தாம் பாகத்தை மறுபடி எடுத்தேன். சேந்தன் அமுதன் ஏன் அரசனாகிறான்? நல்லவன் என்பதாலா? இல்லை. அவன் கண்டராதித்தரின் மகன், செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை என்று தெரியவருகிறது. அரண்மனையில் வளர்ந்த பொய் மதுராந்தகன் ஊமைப் பெண் மந்தாகினியின் வயிற்றில் பிறந்தவன், ஆகவே பேராசைக்காரன். பூக்காரன் அரசனாகவில்லை. அரச ரத்தம் தன் இடத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். பதினான்கு வயதில் நான் கைதட்டியது இதற்குத்தான். மணிரத்னம் வெட்டியது கல்கி எனக்குத் தராத ஒன்றை.

'நாவலைக் கெடுத்துவிட்டார்கள்', 'இல்லை, காப்பாற்றிவிட்டார்கள்' என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இரண்டு தரப்பும் தொடாத ஒரு கல் இருக்கிறது. கதை தொடங்குகிற அதே வீராணம் ஏரிக்கு அருகில், காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பட்டம் பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது பார்ப்பன அதிகாரிகளுக்கு அரசன் தரும் பட்டம். அவர்கள் நிலத்தையும் உறவினர் நிலத்தையும் பறிமுதல் செய்வதைப் பற்றித்தான் கல்வெட்டு பேசுகிறது. தலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

நாவலில் இந்த ரவிதாசன் ஆந்தைபோல் கத்துகிற மந்திரவாதி. சோமன், 'சோமன் சாம்பவன்' ஆகிறான். சாம்பவர் என்பது யாருடைய பெயர் என்று தென்மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கல்கி வேண்டுமென்றே வைத்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் உயர்பதவிப் பார்ப்பனர்கள் ஒரு நாவலில் காட்டுக்குள் திரியும் சதிகாரர்களாக இவ்வளவு எளிதாக மாற முடிகிறது. படத்தில் கிஷோரின் கூட்டத்தைப் பார்த்தபோது, திரையில் யாருடைய முகத்துக்கு இந்தக் கொலைப்பழி ஒட்டும், யாருடைய முகத்துக்கு ஒட்டாது என்பது புரிந்தது. புத்திசாலிப் பார்ப்பன ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மட்டும் சிரிக்கச் சிரிக்கக் கூடவே வருகிறான்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி இல்லாத நிலங்களின் பட்டியல் அது. அதில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது, பறைச்சுடுகாடு தனியாக வருகிறது. ஆய்வுக்காக அந்தத் தொகுதியைப் புரட்டியபோது 'பறைச்சுடுகாடு' என்ற சொல்லில் என் விரல் நின்றுவிட்டது. என் தாத்தாவைக் கொண்டுபோன பாதை நினைவுக்கு வந்தது. ஊர்ப் பாதை அல்ல, வரப்பு.

உடனே பதில் தயாராக வரும். "சேரி என்றால் அப்போது குடியிருப்பு, இழிவு இல்லை. பார்ப்பனச்சேரிகூட இருந்தது. வரி விலக்கு கொடுத்தது கருணை." சரி, சேரி என்றால் குடியிருப்பு. தீண்டாச்சேரி என்றால்? குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் அதே பட்டியலில் வரி விலக்குப் பெறுகின்றன. விளையாத நிலத்துக்கு வரி எப்படிப் போடுவான்? வாய்க்கால் மீது யாரும் கருணை காட்டுவதில்லை.

இதில் நிலத்தைப் பற்றிய பகுதியை 2019 ஜூனில் திருப்பனந்தாளில் பா. ரஞ்சித் பேசினார். வழக்குப் பதிந்தார்கள். முன்ஜாமீன் கேட்டு அவர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்த அரசனை ஒரு தலித் விமர்சித்தால் இன்று அமைதி கெட்டுவிடுகிறது. அதே அரசனைத் தங்கள் சாதிக்காரன் என்று ஆளுக்கொரு சாதிச் சங்கம் சதயவிழாவில் பேனர் கட்டினால் கெடுவதில்லை. முதல் பாகம் வெளியானதும் வெற்றிமாறனும் கமல்ஹாசனும் பேசியதை வைத்து, ராஜராஜன் இந்துவா சைவனா என்று ஒரு வாரம் விவாதித்தார்கள். அந்த விவாதம் வேண்டியதுதான். ஆனால் அவன் ஊரில் தீண்டாச்சேரி எங்கே இருந்தது என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை.

பழைய கதையை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. குதிரையும் படகும் சூழ்ச்சியும் எனக்கு இன்னும் வேண்டும். ரகுமானின் இசை வரும்போது இன்னும் சிலிர்க்கிறது, அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை. அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவளும், அந்த ஏரிக்கு மண் சுமந்தவளும் எந்தச் சேரியில் தூங்கினாள் என்று காட்ட ஒரு நிமிடம் ஒதுக்க முடியாத அளவுக்கா இரண்டு பாகங்கள் சின்னவை?

தம்பி இப்போது நாவலைப் படிக்கிறான். நூலகத்தில் மூன்றாம் பாகம் இன்னும் இல்லை என்று சொன்னான். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். உடையார்குடிக் கல்வெட்டின் நகலையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.