பத்தாம் வகுப்பிலேயே தொடங்கட்டும் கல்லூரி வழிகாட்டல்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, எவ்வளவு செலவு என்ற கேள்விகள் தென்காசி மாவட்டத்தின் வீடுதோறும் எழுகின்றன. பீடி சுற்றியும் வயலில் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் சில வாரங்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி அது. ஆனால் அந்த முடிவின் பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பிளஸ் ஒன்னில் எந்தப் பள்ளி, எந்த குரூப் என்று தீர்மானித்த நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. எனவே உயர்கல்வி வழிகாட்டல் பத்தாம் வகுப்பிலேயே, பெற்றோரையும் உடன் அமர்த்தித் தொடங்கப்பட வேண்டும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' ஆகிய வழிகாட்டல் திட்டங்கள் வரவேற்கத்தக்க முயற்சிகளே. எனினும் பிளஸ் டூ முடித்தவருக்குச் சொல்லப்படும் எந்த அறிவுரையாலும் பத்தாம் வகுப்புக்குப் பின் எடுத்த முடிவைத் திருத்த முடியாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் இடஒதுக்கீட்டையே பார்ப்போம். 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்த இச்சலுகை, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் மேல்நிலை வகுப்புகளையும் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நல்ல பயிற்சி கிடைக்கும் என்று நம்பி, பத்தாம் வகுப்புக்குப் பின் பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், கட்டணமில்லாத பொறியியல் அல்லது கால்நடை மருத்துவப் படிப்புக்கான உரிமையை அந்த நாளிலேயே இழக்கிறார்கள். கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பிள்ளை படித்த பள்ளியைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது 36,000 ரூபாய். இந்தக் கணக்கைப் பள்ளி மாறுவதற்கு முன்பே அந்தப் பெற்றோருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

குரூப் தேர்வும் அப்படித்தான். கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் கலந்தாய்வின் முதன்மை வழி அடைபடுகிறது. உயிரியலை விட்டவருக்கு மருத்துவத்துக்கான நேர்வழி அடைபடுகிறது. அதேசமயம், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும், பட்டயக் கணக்காளர் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம் என்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. அருகிலேயே உள்ள வாய்ப்புகளும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகின்றன. குற்றாலத்தில் அறநிலையத் துறையின்கீழ் இயங்கும் பராசக்தி மகளிர் கல்லூரியும், சுரண்டையின் காமராஜர் அரசு கலைக் கல்லூரியும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் பட்டம் தருகின்றன. விடுதிச் செலவு மிச்சமாவது சிறிய சேமிப்பு அல்ல. மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கிறது. அங்கே கிடைப்பது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல என்பதையும், அது சிலருக்கே கிடைக்கும் இடம் என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மையான வழிகாட்டல்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கையைத் தீர்மானிக்கத் தெரியுமா என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனாலும் குரூப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அந்த வயதில் அவரைத் தீர்மானிக்க வைப்பது நம் கல்வி முறையே. ஒரே தொழிலில் பிள்ளையைக் கட்டிப்போடுவதற்காக வழிகாட்டலைக் கோரவில்லை. எந்த முடிவு எந்த வழியை அடைக்கும் என்பதை அவர் முன்கூட்டியே அறிய வேண்டும் என்கிறோம். செலவைப் பற்றிப் பேசினால் ஏழைப் பிள்ளைகள் மலிவான படிப்போடு ஒதுங்கிவிடுவார்கள் என்ற கவலைக்கும் இடமில்லை. தங்களுக்குரிய சலுகையை அறியாத குடும்பங்கள்தான் பெரிய படிப்பு நமக்கில்லை என்று ஒதுங்குகின்றன. அல்லது கடனில் மூழ்குகின்றன. ஆசிரியர்களின் பணிச்சுமை பற்றிய ஆட்சேபம் மட்டும் முழுக்க நியாயமானது. அதனால்தான் இதை அவர்கள் தலையில் கூடுதல் வேலையாக ஏற்றக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறைத்து இப்பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

2021-22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். தேசிய அளவில் 28.4. பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவருவதில் நாம் வென்றிருக்கிறோம். பொருத்தமான படிப்பில், கடன் சுமையின்றிச் சேர்ப்பது அடுத்த கடமை. தென்காசி மாவட்ட நிர்வாகம் இதற்கு முன்மாதிரியாகலாம். கட்டணம், பேருந்து, விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு படிப்பின் மொத்தச் செலவையும், அதற்குரிய உதவித்தொகையையும், தேவையான குரூப்பையும் ஒரே கையேட்டில் தமிழில் அச்சிட்டு, பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.