இரத்தத்தில் கொழுப்பு, குடலில் முளை



சென்ற மாதம் மாணவன் ஒருவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். "வாத்தியாரே, ரத்தத்துல கொழுப்புன்னு மாத்திரை குடுத்தாங்க, சரி. மலத்தையும் டப்பாவுல கொண்டாங்கிறாங்களே! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

நல்ல கேள்வி. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றும். டாக்டர்கள் இவற்றைப் 'பாலிப்' என்பார்கள். பெரும்பாலும் வலி இராது, இருப்பதே தெரியாது. பல முளைகள் தீங்கு செய்வதில்லை. ஆனால் 'அடினோமா' என்ற வகையில் சில, சுமார் பத்து ஆண்டுகளில் மெல்ல வளர்ந்து புற்றுநோயாகிவிடும்.

இரத்தத்தில் கொழுப்பு, முக்கியமாக டிரைகிளிசரைடு, மிகுந்தவர்களிடம் இம்முளைகள் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒன்றுபோல் சொல்லவில்லை. கொழுப்புதான் முளையை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே நிரையில் முளைக்கும் இரண்டு களைகள் போன்றவை இவை. தொந்தி, உடலுழைப்பின்மை, புகை, மது, காய்கறி குறைந்த சாப்பாடு ஆகியவை இரண்டுக்கும் எருவாகின்றன.

ஆகவே, கொழுப்பு மாத்திரை முளையைக் கரைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இரத்தம் சரியாக இருந்தால் குடலும் சரி என்பதும் இல்லை. அதை அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

50 வயதானவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டிவிடும். அப்படி இருந்தால், ஆஸ்பத்திரியில் குழாய்க் கருவி செலுத்திக் குடலைப் பார்ப்பார்கள். முளை தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்த முளை புற்றுநோயாக முடியாதல்லவா? பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் 50 வரை காத்திராமல் டாக்டரைக் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம் கண்டால், 'மூலச்சூடுதான்' என்று நாளைக் கடத்தாதீர்கள். என் தகப்பனார் அப்படித்தான் ஈராண்டு கடத்தினார். வெட்கத்தால் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

இதைச் சொன்னதும் பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். மறுநாள் காலை, துணிப்பையில் டப்பாவோடு பஸ்ஸுக்கு நின்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அனுப்பிவையுங்கள்.