சிறையிருந்த ஊருக்கே தூதர்

பீட் பீட்டர்சன் என்றொரு அமெரிக்கப் போர் விமானி. 1966-இல் வியட்நாமில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆறரை வருஷம் சிறை, சித்திரவதை, 1973-இல்தான் விடுதலை. பிறகு அரசியலில் இறங்கி, ஃப்ளோரிடாவிலிருந்து மூன்று முறை பார்லிமெண்டுக்குத் தேர்வானார். 1997-இல் எங்கே போனார் தெரியுமோ? கைதியாக இருந்த அதே ஹனோய்க்கு, போருக்குப் பிந்தைய முதல் அமெரிக்கத் தூதராக!

அங்கே குழந்தைகள் தண்ணீரில் மூழ்கியும் சாலை விபத்திலும் சாவதைக் கண்டு மனம் பதறினார். ஹெல்மெட், நீச்சல் பயிற்சி என்று பாடுபட்டார். பதவி முடிந்த பின்னும் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

சண்டை போட்ட வீட்டுக் குழந்தையானாலும், குளத்தங்கரையில் தனியாக நின்றால் ஓடிப்போய்த் தூக்க வேண்டாமோ, சகோதரிகளே? அப்படியே நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் மூடி வையுங்கள்.