75 திருத்தம், ஒரு சுருக்கொப்பம் இல்லை

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாள். ஆங்கில வகுப்பில் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவல் நடக்கிறதாம். கையில் வைத்திருந்த கேள்வித்தாளைக் காட்டினாள். 'இந்த நாவலில் அரசாங்கம் ஏன் புத்தகங்களை எரிக்கிறது?' என்று ஒரு கேள்வி. 'மக்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள' என்று எழுதியிருந்தாள். டீச்சர் டிக் போட்டு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்.

"தாத்தா, நீங்க கவர்மென்ட்லதானே வேலை பாத்தீங்க. சரியா எழுதியிருக்கேனா?"

"பாதிதான் சரிம்மா" என்றேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. முழு மதிப்பெண் வாங்கிய பதிலைப் பாதி என்று சொல்ல இந்தக் கிழவன் யார் என்று நினைத்திருப்பாள். அவளிடம் அன்று ஐந்து நிமிஷம்தான் பேச முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1953இல் வந்த நாவல். வருங்காலத்தில் ஒரு ஊர். அங்கே தீயணைப்புப் படைக்குத் தீயை அணைக்கிற வேலை இல்லை. புத்தகம் வைத்திருக்கிறவன் வீட்டுக்கு வண்டியில் போய், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதுதான் வேலை. மோன்டாக் என்கிற தீயணைப்புக்காரன் ஒருநாள் தானே ஒரு புத்தகத்தை ஒளித்து வைக்க ஆரம்பிக்கிறான். காகிதம் தீப்பிடிக்கிற வெப்பம்தான் தலைப்பில் இருக்கிற 451.

நான் இதை முதலில் படித்தது பிரெஞ்சில். எங்கள் காலத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு ஆங்கிலம் தடுமாற்றம்தான். 1954இல் கொடி மாறியது, 1962இல் சட்டப்படியும் மாறிவிட்டது. ஆனால் எங்கள் நாக்கு மாற இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அதனால் ஆங்கில நாவலை ஆன்றி ரொபிய்யோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தேன். பிறகு பிரான்சுவா த்ருஃபோ 1966இல் எடுத்த படத்தையும் பார்த்தேன். படத்தின் ஆரம்பத்தில் நடிகர்கள் பெயரை எழுதிக் காட்ட மாட்டார்கள், ஒரு குரல் படிக்கும். எழுத்து ஒழிந்த உலகம் இல்லையா! த்ருஃபோ ஆங்கிலத்தில் எடுத்த ஒரே படம் அது. அவருக்கும் ஆங்கிலம் சரியாக வராது என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் ஏன் எரிக்கிறது என்பது கேள்வி. நாவலில் இதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறான். தீயணைப்புப் படைத் தலைவன் பீட்டி. மோன்டாக் உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கும்போது அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசுகிறான். நாவலின் உயிரே அந்தப் பேச்சுதான். இது மேலே இருந்து வந்த உத்தரவில் ஆரம்பிக்கவில்லை என்கிறான் பீட்டி. ஜனங்களுக்குப் பொறுமை போயிற்று. பெரிய நூல்களைக் கால் மணி நேர வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள். பிறகு இரண்டு நிமிஷமாக, பிறகு அகராதியில் பத்து வரியாக. இன்னொரு பக்கம், இந்த வரி எங்களைப் புண்படுத்துகிறது, அந்தப் பக்கம் அவர்களைப் புண்படுத்துகிறது என்று ஆளாளுக்குப் புகார் சொன்னார்கள். யார் மனமும் நோகக் கூடாது என்று வெட்டி வெட்டிக் கடைசியில் படிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு அப்புறம்தான் அரசாங்கம் தீப்பெட்டியோடு வந்தது.

இதைப் படித்த பிள்ளை எப்படி 'அரசாங்கம் கெட்டது' என்று ஒரு வரி எழுதி முழு மதிப்பெண் வாங்க முடியும்? அரசாங்கத்தைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பத்தாறு வருஷம் அதன் சோற்றைத் தின்றவன், அதன் லட்சணம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த நாவலை எங்கேயோ இருக்கிற ஒரு கொடுங்கோலன் கதையாக நடத்துவது பள்ளிக்கூடத்துக்கு வசதியான காரியம். ஏன் வசதி என்றால், இதே நாவலைக் கத்தரித்தவர்கள் கொடுங்கோலர்கள் இல்லை. கத்தரித்தது பள்ளிக்கூடத்துக்காக!

1967இல் பிராட்பரியின் பதிப்பாளரான பாலன்டைன் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனிப்பதிப்பு ஒன்று போட்டது. அதில் சுமார் 75 இடங்களை மாற்றினார்கள். சாபம் போடுகிற வார்த்தைகள், கருக்கலைப்பு என்ற சொல் எல்லாம் போயிற்று. குடிகாரன் ஒருவன் வருவான், அவனை நோயாளி ஆக்கினார்கள். தொப்புளில் இருக்கிற அழுக்கை எடுப்பதாக ஒரு இடம் வரும், அதைக் காது குடைவதாக மாற்றினார்கள். தொப்புளைப் படித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களாம்!

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. 'இது பள்ளிக்காகத் திருத்திய பதிப்பு' என்று அட்டையிலும் போடவில்லை, உள்ளேயும் போடவில்லை. ஆசிரியரிடமும் கேட்கவில்லை. 1973 முதல் பெரியவர்களுக்கான முழுப் பதிப்பையும் நிறுத்திவிட்டு, இந்த வெட்டுப்பட்ட பதிப்பையே எல்லாருக்கும் விற்றார்கள். ஆறு வருஷம் உண்மையான புத்தகம் அச்சிலேயே இல்லை. 1979இல்தான் பிராட்பரிக்கு விஷயம் தெரிந்தது. புத்தகத்தை எரிப்பதைப் பற்றிய புத்தகத்திலேயே கத்தரி போட்டிருக்கிறார்களே என்று மாணவர்களே அவருக்கு எழுதியிருக்கிறார்கள். 1980இல் முழு நாவலும் மறுபடி வந்தது. பின்னால் அவர் கோபமாக ஒரு பின்னுரையும் சேர்த்தார்.

கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் சாயங்காலம் உட்காரும் எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷர். "பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புத்தகத்தில் நாலு கெட்ட வார்த்தையை எடுத்தால் என்ன குடி முழுகிவிட்டது சார்? கதை கதையாகத்தானே இருக்கிறது?" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் வரும்.

தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, பிள்ளைகளுக்கு ஆகாது என்று நினைத்தால் வேறு புத்தகம் கொடுங்கள். உலகத்தில் புத்தகத்துக்கா பஞ்சம்? இல்லை, சில பகுதிகள் மட்டும் போதும் என்றால் அதையும் செய்யுங்கள், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எங்கள் பிரெஞ்சுப் பாடநூலில் விக்தோர் ஹ்யூகோவின் வாட்டர்லூ பகுதி இருந்தது. சரணடையச் சொன்ன ஆங்கிலேயர்களுக்குத் தளபதி கம்ப்ரோன் ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்கிறான். எங்கள் புத்தகத்தில் அந்தச் சொல் இருந்த இடத்தில் மூன்று புள்ளிகள். ஐந்தெழுத்துச் சொல் என்று மட்டும் மெசியே சொன்னார். (ஐந்தெழுத்து என்றதும் சிவபக்தர்கள் வேறு நினைக்க வேண்டாம், கழிப்பறைச் சமாச்சாரம்.) சாயங்காலமே நாங்கள் ஏழெட்டுப் பேர், இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கிற நூலகத்துக்கு ஓடினோம். முழு நாவலை எடுத்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போனோம். ஹ்யூகோவை நான் முழுசாகப் படிக்கக் காரணம் அந்த மூன்று புள்ளிகள். குடிகாரனை நோயாளி ஆக்கிய பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே ஐயா, அந்தப் பிள்ளை எதைத் தேடி ஓடும்?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்த புதிதில் செய்த ஒரு காரியம். ஆபீஸ் பியூன் ஒருவரின் சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த வருஷத்தின் கடைசி இலக்கம் 7 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று நகலெடுத்துவிட்டேன். அசிங்கமாக அடிக்க வேண்டாம் என்று பிளேடால் சுரண்டி, மேலே அழகாக 7 எழுதினேன். சுருக்கொப்பம் போடவில்லை. திருத்தம் சரியான திருத்தம்தான். அவர் ஓய்வுபெற்றபோது தணிக்கையில் அந்தச் சுரண்டல் கண்ணில் பட்டது. யார் திருத்தியது, எப்போது, எந்த உத்தரவில் என்று கேட்டு பென்ஷன் பதினான்கு மாதம் நின்றுபோனது. நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தும், அத்தனை வருஷத்துக்குப் பிறகு யார் நம்புவார்கள்? அவர் வாரம் ஒருமுறை வந்து என் மேஜைக்கு எதிரில் நிற்பார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதே அலமாரியில் நொத்தேர் எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள் இருந்தன. ஒரு சொல்லை அடிக்க வேண்டுமென்றால், கீழே இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடு. ஓரத்தில் 'மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாது' என்று எண்ணிக்கையோடு குறிப்பு. அதன் கீழே சம்பந்தப்பட்ட எல்லாருடைய சுருக்கொப்பமும். நூறு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் என்ன இருந்தது, என்ன போயிற்று, யார் பொறுப்பு என்று தெரியும். இரண்டு பரப்பு நிலத்துக்கு இவ்வளவு மரியாதை. ஒரு நாவலுக்கு இல்லை!

தலைமை ஆசிரியருக்கு இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். 1992இல் கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளி இதே நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கெட்ட வார்த்தைகள் மேல் கறுப்பு மை பூசிக் கொடுத்தது. அதுவும் தப்புதான். ஆனால் மை கண்ணுக்குத் தெரிந்தது. பெற்றோர்கள் பத்திரிகைக்குப் புகார் சொன்னார்கள், பள்ளி அந்தப் பிரதிகளைக் கைவிட்டது. பாலன்டைன் செய்தது கண்ணுக்குத் தெரியவில்லை, 13 வருஷம் ஓடியது. எது பெரிய ஆபத்து என்று நீங்களே கணக்குப் போடுங்கள், கணக்கு வாத்தியார்தானே நீங்கள்?

பேத்தியின் கேள்வித்தாளில் மொத்தம் பதினெட்டுக் கேள்விகள். தீயணைப்பு வண்டிக்கு ஏன் சாலமாண்டர் என்று பெயர், இயந்திர நாய் எதற்குக் குறியீடு, மோன்டாக் மனைவியின் சுவர்த் தொலைக்காட்சி எதைக் காட்டுகிறது, இப்படி. பீட்டி பேச்சைப் பற்றி ஒன்றும் இல்லை. 1967ஆம் வருஷத்துப் பதிப்பைப் பற்றியும் ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய நாவலைப் பதினெட்டுத் துண்டாக்கி, துண்டுக்கு இரண்டு வரி விடை எழுதச் சொல்வது பீட்டி சொன்ன பத்து வரிச் சுருக்கம் இல்லாமல் வேறு என்ன? நான் வாத்தியாராக இருந்தால் அந்த இரண்டு பதிப்பிலிருந்தும் ஒரு பக்கத்தை நகலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுப்பேன். எது மாறியிருக்கிறது, யாருக்காக மாற்றினார்கள், அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று பிள்ளைகளே பேசட்டும் என்று ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பேத்தியை பீட்டி பேச்சை மட்டும் மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லியிருக்கிறேன். கேள்வித்தாளைத் திருத்த வேண்டாம், மதிப்பெண் மதிப்பெண்ணாகவே இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது எழுபதுகளில் பழைய புத்தகக் கடையிலோ மூர் மார்க்கெட்டிலோ இந்த நாவலின் பாலன்டைன் மலிவுப் பதிப்பை வாங்கி வைத்திருக்கலாம். பரணில் இருந்தால் இறக்கி, அச்சான வருஷத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது தொப்புளா காதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.